டேஷ்போர்டுக்கு பெயின்ட் அடிக்கப் போறீங்களா? ஸ்ப்ரே கேனைக் குலுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்!

ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டைமாடி. பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் காரிலிருந்து கழற்றிய டோர் பேனலையும் ஏசி வென்ட்டைச் சுற்றியிருக்கும் சட்டத்தையும் பரப்பி வைத்திருக்கிறார் ஒருவர். கார் வீட்டுக்கு வந்த நாளில் சந்தன நிறத்தில் இருந்த பாகங்கள் அவை. பத்து வருஷ வெயில், பிள்ளைகளின் ஷூ கால், எண்ணெய்க் கை எல்லாம் பட்டு இப்போது என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. கையில் கறுப்பு ஸ்ப்ரே கேன். அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. சாயங்காலம் மாட்டிப் பார்த்தால் ஷோரூம் கார் மாதிரி ஜொலிக்கிறது. வீட்டில் பாராட்டு மழை!

மூன்றாவது வாரம் கதவைச் சாத்தும்போது மோதிரம் லேசாக உரசுகிறது. கறுப்பாக ஒரு சிம்பு எழுகிறது. அதை நகத்தால் இழுத்தால், வேகவைத்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி மொத்தமாகக் கையோடு வந்துவிடுகிறது.

இந்தக் காட்சி நடந்த வீடுகள் நிறைய. உடனே 'டூப்ளிகேட் பெயின்ட்டைத் தலையில் கட்டிட்டான்' என்று கடைக்காரர் மேல்தான் கோபம் வரும். பெரும்பாலும் பெயின்ட் மேல் தப்பே இருக்காது. தப்பு, பெயின்ட்டுக்கு அடியில் இருக்கிறது.

தாமரை இலையும் டோர் பேனலும்

காரின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே ரகம் இல்லை. டோர் பேனல், டேஷ்போர்டின் கெட்டியான பகுதிகள், தூண்களை மூடியிருக்கும் பட்டைகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். சுருக்கமாக பி.பி. வீட்டு டிபன் டப்பாக்களில் பலவும் இதே குடும்பம்தான். விலை குறைவு, எடை குறைவு, அடி தாங்கும். ஆனால் எதையும் தன்மேல் ஒட்டவிடாது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரிதான் இதன்மேல் பெயின்ட். படிந்த மாதிரி தெரியும், பிடித்திருக்காது.

ஏசி வென்ட் சட்டம், ஸ்டீரியோவைச் சுற்றியிருக்கும் வழவழப்பான பேனல் போன்றவை பல கார்களில் ஏ.பி.எஸ். என்ற வேறு ரகம். இது பெயின்ட்டுக்கு நல்ல தோழன். சுத்தம் செய்து, லேசாகத் தேய்த்து அடித்தால் பிடித்துக்கொள்ளும்.

எது எந்த ரகம் என்று கண்டுபிடிக்க மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை. பாகத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே அதன் ஜாதகம் அச்சாகியிருக்கும். பி.பி. என்று மட்டும் இருக்கலாம். 'பி.பி.-டி.டி.20' என்று இருந்தால், பாலிபுரொப்பிலீனில் 20 சதவிகிதம் டால்க் தூள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். முகப்பவுடரில் இருக்கும் அதே டால்க்தான். பிளாஸ்டிக் விறைப்பாக நிற்பதற்காகக் கலக்கிறார்கள். பழைய காரை உடைக்கும்போது பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்க வசதியாகப் போடும் குறியீடு இது. பெயின்ட் அடிப்பவருக்கும் இதைவிட உபயோகமான தகவல் கிடைக்காது.

பி.பி. என்று தெரிந்துவிட்டால், பெயின்ட்டுக்கு முன்னால் 'அடீஷன் புரமோட்டர்' என்ற ஒட்டவைக்கும் பூச்சு கட்டாயம். இதுவும் ஸ்ப்ரே கேனாகவே கிடைக்கிறது. பெயின்ட் கடையில் சும்மா 'பிரைமர் கொடுங்க' என்று கேட்டால் இரும்புக்கு அடிக்கிற பிரைமரை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

"அண்ணே, பிளாஸ்டிக்குக்கு அடிக்கிற பிரைமர் வேணும்."

"எந்த பிளாஸ்டிக் தம்பி? பம்பரா, உள்ளயா?"

இப்படித் திருப்பிக் கேட்கும் கடையாக இருந்தால் நம்பி வாங்கலாம். கேனின் முதுகில் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஓலிஃபின் என்ற சொல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பளபளப்புதான் முதல் எதிரி

பிளாஸ்டிக் ரகம் சரி, பிரைமரும் சரி. அப்படியும் உரிந்தால்? அங்கேதான் டேஷ்போர்டு பாலிஷ் வருகிறது. வாட்டர் வாஷுக்கு விடும் ஒவ்வொரு முறையும், கேட்காமலேயே டேஷ்போர்டில் ஒரு பளபளப்பு திரவத்தைத் தடவிக் கொடுப்பார்கள். அவற்றில் பலவும் சிலிகான் எண்ணெய் சேர்த்தவை. வருஷக்கணக்கில் தடவிய எண்ணெய், பிளாஸ்டிக்கின் சொரசொரப்பான பள்ளங்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் பெயின்ட் விழுந்ததும் சின்னச் சின்ன வட்டமாக விலகி ஓடும். நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் வளையம். பட்டறைகளில் இதற்கு 'ஃபிஷ் ஐ' என்று பெயர். பார்க்க அப்படியே மீனின் கண்தான்.

இதனால் இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் கழுவுவதற்கே போக வேண்டும். பெயின்ட் அடிப்பது கடைசியில் வரும் சின்ன வேலை. பாத்திரம் தேய்க்கும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் கோடு கோடாக இருக்கும் பள்ளங்களில் தேய்க்க வேண்டும். அலசி, காயவைத்து, மறுபடி ஒருமுறை. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். துணி கறுப்பாகவோ பிசுக்காகவோ வந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். துணி வெள்ளையாகத் திரும்பும்வரை துடைக்க வேண்டியதுதான். பெட்ரோல், தின்னர் பக்கம் போகவே கூடாது. ஏ.பி.எஸ்.ஸைத் தின்னர் இளக்கிவிடும். மேல்பரப்பு குழைந்து வெண்மை படர்ந்தால் திரும்பச் சரியாகாது.

அடுத்தது தேய்ப்பு. உப்புத்தாள் வைத்து வெறியாகத் தேய்ப்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். டேஷ்போர்டிலும் டோர் பேனலிலும் தோல் மாதிரி தெரியும் வரிகள், அச்சிலேயே வந்தவை. அவற்றைத் தேய்த்து அழித்துவிட்டால் எந்த பெயின்ட்டும் திருப்பித் தராது. அதிலும் பி.பி. பிளாஸ்டிக்கைத் தாளால் தேய்த்தால் நார் நாராகக் கிளம்பும். வரியிருக்கும் பாகத்துக்குச் சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் போதும். சமையலறையில் இருக்கும் பச்சை நிறம் வேண்டாம், அது முரடு. வழவழப்பான ஏ.பி.எஸ். சட்டத்துக்கு மட்டும் 800-ம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்க்கலாம். பட்டி பார்த்து மட்டமாக்கும் கெட்டி பிரைமரையும் வரியிருக்கும் பாகத்தில் அடிக்கக் கூடாது. வரிகளின் பள்ளம் அதில் நிரம்பிவிடும்.

இங்கெல்லாம் கை வைக்கவே கூடாது

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் விற்பனைக்கு வரும் புதிய கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் வேண்டும் என்ற விதி 2021-ல் வந்தது. அதற்கு முந்தைய கார்களிலும் மேல் வேரியன்ட்களில் ஏர்பேக் உண்டு. ஸ்டீரியங் நடுவில் இருக்கும் பேடு, பக்கத்து இருக்கைக்கு எதிரே டேஷ்போர்டின் மேல்பகுதி இரண்டும் அதன் மூடிகள். டேஷ்போர்டில் மேலிருந்து பார்த்தால் பல கார்களில் கோடே தெரியாது. உள்பக்கம் மெலிதாகக் கீறிவிட்டிருப்பார்கள். விபத்து நடந்த கணத்தில், கண் இமைப்பதற்கு முன்னால் பை அந்தக் கோட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதன்மேல் நாலு கோட் பெயின்ட்டும் கிளியரும் ஏறினால், கோடு கிழிய வேண்டிய விதம் மாறலாம். பெயின்ட் சில்லுகள் முகத்தை நோக்கிப் பறக்கலாம். அழகுக்காக எடுக்கக் கூடாத ரிஸ்க் இது. பேச்சுக்கே இடமில்லை.

விண்ட்ஷீல்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கும் தூண் பட்டைகளில் ஏர்பேக் என்று பொறித்திருந்தால், அதற்குப் பின்னால் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறது. அதையும் விட்டுவிட வேண்டும். பேனல்களைக் கழற்றும்போது மஞ்சள் நிற வயரோ கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் இணைப்பு. அதைத் தொடக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, சில நிமிஷம் கழித்து வேலையைத் தொடங்குவது பாதுகாப்பு.

டேஷ்போர்டின் மேல்தளத்தை விடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதன் நிழல் விண்ட்ஷீல்டில் விழும். கம்பெனிக்காரர்கள் அந்த இடத்தை மங்கலாகவே வைத்திருப்பது இதனால்தான். அங்கே பளபளப்பான பெயின்ட் அடித்தால், எதிர்வெயிலில் சாலைக்குப் பதிலாக டேஷ்போர்டின் பிம்பம்தான் கண்ணாடியில் தெரியும். எந்தப் பாகமானாலும் மேட் அல்லது சாட்டின் ஃபினிஷ் வாங்குவதே நல்லது.

வெயிலையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது. ஸ்டீரியங் 53 டிகிரி. வேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் மே மாதம் கார் நிறுத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் தினமும் வெந்து, இரவில் ஆறும் பரப்பில் ஒட்டியிருப்பது எந்த பெயின்ட்டுக்கும் கஷ்டம்தான்.

அப்படியென்றால் எதற்குத்தான் அடிக்கலாம்?

கழற்ற முடிந்த, கை அதிகம் படாத, சின்ன பாகங்கள். ஏசி வென்ட் சட்டம், ஸ்டீரியோ பேனல், கியர் லிவரைச் சுற்றியிருக்கும் தட்டு, கதவின் அலங்காரப் பட்டை. இவை லாபமான இடங்கள். கைப்பிடி, கைவைக்கும் திண்டு, கால் உரசும் வாசல் பட்டை மூன்றும் நஷ்டமான இடங்கள். நகமும் மோதிரமும் செருப்பும் படும் இடத்தில் பெயின்ட் நிற்காது.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று. தொழிற்சாலையில் இந்தப் பாகங்களில் பலவற்றுக்கும் பெயின்ட்டே அடிப்பதில்லை. பிளாஸ்டிக் மணிகளை உருக்கும்போதே நிறத்தையும் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். அதாவது மேலே இருக்கும் நிறம்தான் உள்ளேயும். கீறல் விழுந்தாலும் அதே நிறம் தெரிவதால் கண்ணை உறுத்தாது. பெயின்ட் அடித்த நிமிஷத்திலிருந்து இந்த வசதி போய்விடுகிறது. சந்தன நிறத்தின் மேல் கறுப்பு அடித்தால், விழும் ஒவ்வொரு கீறலும் கரும்பலகையில் சாக்பீஸ் கோடு மாதிரி பளிச்சென்று தெரியும். பழைய நிறத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் நிறத்தையே அடிப்பவர் புத்திசாலி. 'ஃபுல் பிளாக் இன்டீரியர்' ஆசையில் சந்தனத்தைக் கறுப்பாக்குபவர், கூடவே ஒரு டச்-அப் பிரஷ்ஷையும் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்னொரு தொல்லை, பிசுபிசுப்பு. சில கார்களில் சுவிட்ச், கைப்பிடி, கன்சோல் மேல் ரப்பர் மாதிரி மெத்தென்ற பூச்சு இருக்கும். தொடச் சுகமாக இருக்கும் இது, சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் சில வருஷங்களில் கரைய ஆரம்பிக்கிறது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்களில் இந்தப் புகார் சகஜம். விரல் வைத்தால் வெல்லப்பாகு மாதிரி ஒட்டும். இதன்மேல் பெயின்ட் அடிப்பது சேற்றின் மேல் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. முதலில் அந்தப் பூச்சையே எடுக்க வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டுவைத்து, பிறகு துடைத்தால் கறுப்பு மைபோல வழிந்து வரும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் எடுத்து முடித்ததும் அடியில் சுத்தமான கெட்டி பிளாஸ்டிக் இருக்கும். பல நேரம் அதுவே பார்க்க நன்றாக இருப்பதால், பெயின்ட் அடிக்கும் வேலையே மிச்சம்! சுவிட்ச்களில் மட்டும், பூச்சோடு சேர்ந்து குறியீடும் அழிந்துவிடலாம். கவனம் வேண்டும்.

இட்லித் தட்டும் ஸ்ப்ரே கேனும்

கழற்றும்போது இரும்பு ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் விளிம்பில் தழும்பு நிற்கும், கிளிப்பும் உடையும். இதற்கென்றே பிளாஸ்டிக் நெம்புகோல் செட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அளவு மாறி மாறி வரும் ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் ஓர் இட்லித் தட்டின் குழிகளில் போட்டுவைத்தால் மாட்டும்போது குழப்பம் வராது. வீட்டில் ஓரங்கட்டிய பழைய தட்டாக இருந்தால் நல்லது. புதுத் தட்டை எடுத்தால் பெயின்ட்டைவிட வேறு பிரச்னை பெரிதாகிவிடும்.

அடிக்கும் நாள் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். காற்றில் ஈரம் அதிகமானால் காயும் பெயின்ட்டின் மேல் வெண்புகை படிந்த மாதிரி மங்கிவிடும். அதற்காக உச்சி வெயிலிலும் அடிக்கக் கூடாது. கேனிலிருந்து கிளம்பிய துளி பாகத்தைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து, மணல் தூவிய மாதிரி சொரசொரப்பாகிவிடும். காலை வெயில் ஏறும் நேரம், காற்றோட்டமான நிழல். அதுதான் சரி.

அடீஷன் புரமோட்டரை மெல்லிசாக ஒரு கோட் அடித்து, கேனில் சொல்லியிருக்கும் நேரத்துக்குள் பெயின்ட்டைத் தொடங்க வேண்டும். நேரம் தாண்டினால் அதன் பிடிமானம் குறைந்துவிடும். ஓரிரு சாண் தூரத்தில் கேனைப் பிடித்து, பாகத்துக்கு வெளியே அமுக்கத் தொடங்கி, ஒரே வேகத்தில் நகர்த்தி, வெளியே போய் விரலை எடுக்க வேண்டும். முதல் கோட்டில் பழைய நிறம் திட்டுத் திட்டாகத் தெரியும். பதறி அங்கேயே இன்னொரு தடவை அமுக்கினால் கண்ணீர்க் கோடு மாதிரி வழிந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிஷ இடைவெளியில் மூன்று மெல்லிய கோட், ஒரு கெட்டி கோட்டைவிடப் பல மடங்கு நன்றாக நிற்கும். கிளிப் மாட்டும் காதுகளிலும், ஒன்றோடொன்று சொருகும் விளிம்புகளிலும் பெயின்ட் ஏறாமல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாட்டும்போது இறுகும். ஓட்டும்போது 'கிரீச்' சத்தம் தலைவலி கொடுக்கும்.

காரின் உள்ளேயே உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பேப்பர் ஒட்டிவிட்டு அடிக்கலாம் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். மூடிய இடத்தில் அந்த ஆவியைச் சுவாசிப்பது தலைசுற்றலில் தொடங்கும். கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 மாஸ்க் தூளைத்தான் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கார்பன் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் தேவை. இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் '2கே' கிளியர் கோட் கடினமாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் அதன் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட், பெயின்டர்களுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும் பொருள்களில் ஒன்று. அதைச் சரியான பூத்தும் கவசமும் இருக்கும் பட்டறையிடம் விட்டுவிடுவதே நல்லது. ஸ்ப்ரே கேனிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கக் கூடியது. மாடியில் அடித்தால் சரி. கூடத்தில், பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது அடிக்கக் கூடாது.

செலவுக் கணக்கையும் பார்க்கலாம். புரமோட்டர், இரண்டு கேன் பெயின்ட், ஆல்கஹால், டேப், நெம்புகோல் என்று சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதிகம் விற்ற மாடலாக இருந்தால், சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ நல்ல நிலையில் இருக்கும் அதே பாகம் பழசாகக் கிடைக்கலாம். பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒரு நடை போய் விசாரித்துவிடுவது லாபம். கதவுத் திண்டு மாதிரி கை படும் இடங்களுக்கு, சீட் கவர் தைக்கும் கடையில் ரெக்சின் போர்த்திக் கொடுப்பார்கள். பெயின்ட்டைவிட அது நீண்ட நாள் நிற்கும்.

அடித்து முடித்த பாகத்தைத் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றைக்கே மாட்டிவிடக் கூடாது. ஒரு வாரம் வீட்டுக்குள் தூசி படாமல் கிடக்கட்டும். பிறகு, மாட்டினால் வெளியே தெரியாத ஒரு மூலையில் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பார்க்கலாம். டேப் சுத்தமாக வந்தால் தைரியமாக மாட்டலாம். டேப்போடு பெயின்ட்டும் வந்தால், கழுவியதில் எங்கோ குறை. மீண்டும் டூத் பிரஷ்ஷிலிருந்துதான் ஆரம்பம்.

மிச்சமிருக்கும் கேனை, டச்-அப்புக்கு உதவும் என்று குளோவ் பாக்ஸிலோ டிக்கியிலோ போட்டுவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று அந்தக் கேனிலேயே எழுதியிருக்கும். வெயிலில் நிற்கும் கார், அந்தச் சூட்டை அநாயாசமாகத் தொட்டுவிடும். கேன் வீட்டிலேயே, நிழலில், குழந்தைகளுக்கு எட்டாத பரணில் இருக்கட்டும்.